பாலும் நீரும்: புளத்கொகுபிட்டியத் தோட்டங்களில் கிருமிக் கட்டுப்பாட்டின் வரலாறு

வரலாறு என்றதும் அரசரும் போரும் மட்டுமே நினைவுக்கு வந்த காலம் மாறி, உற்பத்தி, உழைப்பு, நிலவுடைமை என்பன ஆய்வுப் பொருள்களாக முதன்மை பெற்றுள்ளன. இலங்கையின் பெருந்தோட்டத் தமிழர் பற்றிய எழுத்துக்களும் பெரும்பாலும் இவ்வழியே சென்றுள்ளன. கங்காணி முறை, துண்டு முறை, கூலி, குடியுரிமை, வாக்குரிமை என்பன பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. இவை இன்றியமையாத பொருள்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின், இச்சமூகத்தின் வாழ்வையும் சாவையும் நாள்தோறும் நிர்ணயித்து வந்த வேறொரு சக்தியும் உண்டு. அது கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியா என்னும் நுண்ணங்கியாகும்.

பற்றீரியா எங்கு வளரும், எவ்வழியாற் பரவும், எதனால் அழியும் என்பன விஞ்ஞான பீடத்தாருக்கு மட்டுமே உரிய வினாக்கள் என நாம் எண்ணிவிடுதல் கூடாது. அவற்றுக்கு விடை தெரிந்த பின்னரும், அவ்விடை எவருக்குப் பயன்பட்டது, எவருக்குப் பயன்படாது போயிற்று என்பது வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய வினாவாகும். சப்பிரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில் அமைந்துள்ள புளத்கொகுபிட்டியப் பிரதேசத்தை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தேயிலையும் இறப்பரும் அருகருகே வளரும் இப்பிரதேசம் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் பொருத்தமானது. அதற்கான காரணம் பின்னர்ப் புலப்படும்.

பற்றீரியாவின் எல்லைகள்

முதற்கண் பற்றீரியாவின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். உகந்த சூழலில் சில பற்றீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிவன. இவ்வாறு தடையின்றிப் பெருகுமாயின், ஒரு தனிக்கலம் இருபத்துநான்கு மணி நேரத்தில் எழுபத்திரண்டு தடவை இரட்டித்து, நான்காயிரம் தொன்னுக்கும் மேற்பட்ட நிறையுடைய கூட்டமாகிவிடும். உண்மையில் அவ்வாறு ஒருபோதும் நிகழ்வதில்லை. உணவு தீர்ந்து போகிறது. அவை தாமே வெளிவிடும் கழிவு அவற்றுக்கு நஞ்சாகிறது. பிற நுண்ணங்கிகள் போட்டியிடுகின்றன. இயற்கையே பற்றீரியாவுக்கு எல்லைகளை வகுத்துள்ளது எனலாம்.

மனிதன் இவ்வெல்லைகளை அறிந்தோ அறியாமலோ நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளான். நோய் விளைக்கும் பற்றீரியாக்களிற் பெரும்பாலானவை ஏறத்தாழ 5 பாகை முதல் 60 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையிலேயே வளர்வன. கொதிநீரில் அவை மடிகின்றன. வித்தியாக உறைந்து கிடக்கும் ஒரு சிலவே தப்புவன. ஈரமின்றி எதுவும் பெருகாது. உப்பு மிகுந்த இடத்திலும் புளிப்பு மிகுந்த இடத்திலும் பெரும்பாலானவற்றின் வளர்ச்சி தடைப்படும். கருவாடு, வற்றல், ஊறுகாய் ஆகிய மூன்றும் இந்த அறிவின் விளைவுகளே. நுண்ணங்கி என்ற சொல்லையே அறியாத பாட்டிமார் அதன் எல்லைகளை அறிந்திருந்தனர்.

வளர்ச்சி, பரவல், நிலைத்திருத்தல் ஆகிய மூன்றும் வேறு வேறானவை என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இதற்கு வாந்திபேதிக் கிருமியே சிறந்த சான்றாகும். அது மனிதக் குடலிலே பெருகுகின்றது. மலத்தால் அசுத்தமுற்ற நீரினாலும் உணவினாலும் பரவுகின்றது. உவர் கலந்த நீரில் நெடுநாள் நிலைத்திருக்கின்றது. உலர்ந்த இடத்திலோ அது விரைவில் இறந்துவிடும். அமிலம் அதற்குப் பகை. ஆதலால், உடல் நலமுள்ள ஒருவரின் இரைப்பையிற் சுரக்கும் அமிலமே அக்கிருமிகளிற் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். போதிய உணவின்றி மெலிந்தவரிடத்து அவ்வமிலம் குறைவு. எனவே மிகச் சிறு தொகைக் கிருமியே அவரை வீழ்த்தப் போதுமானது. பசிக்கும் கொள்ளைநோய்க்கும் உள்ள உறவு வெறும் தற்செயலன்று. அது உடலியல் அடிப்படை கொண்டது.

ஒரு கிருமியைக் கொல்ல இயலாவிடினும் அதன் வழியை அடைத்துவிடலாம். 1854 இல் இலண்டன் மாநகரில் ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர், வாந்திபேதி ஒரு தெருவின் நீர்க்குழாயிலிருந்து பரவியதை நிறுவினார். அப்போது அந்நோயின் கிருமி எதுவென்று அவருக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளின் பின்னர், 1884 இல், ஜெர்மானியரான ரொபேட் கொக் கல்கத்தாவில் அக்கிருமியைப் பிரித்தெடுத்து அடையாளங் காட்டினார். ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நோயின் வழியும் தெரிந்தது, நோயின் காரணமும் தெரிந்தது. இதன் பின்னர் அறியாமையைக் காரணம் காட்ட ஆட்சியாளருக்கு இடமில்லை.

வழியெங்கும் வாந்திபேதி

1830களில் மத்திய மலைநாட்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை விரிவடைந்தபோது தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வரத் தொடங்கினர். பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்ப் பகுதியில் இறங்கிய அவர்கள், அடர்ந்த காட்டின் ஊடே கால்நடையாக அநுராதபுரம், தம்புள்ளை வழியே மாத்தளையை அடைந்தனர். ‘வடபாதை’ என வழங்கிய இவ்வழியில் மாண்டோர் பலர். எத்தனை பேர் மாண்டனர் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பட்டினியும் அவ்வழியெங்கும் உடன் நடந்தன என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இவ்வழியை மேற்கூறிய பற்றீரியா இயல்போடு ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். பஞ்சத்தினால் மெலிந்த உடல். கூட்டமாகத் தங்கும் இடம். பலரும் பருகும் ஒரே குளம் அல்லது கிணறு. அதன் கரையிலேயே மலங்கழித்தல். கிருமியின் வளர்ச்சிக்கும் பரவலுக்கும் வேண்டிய நிபந்தனைகள் அனைத்தும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது இலங்கைக்கு வந்தோர் தொகையும் பெருகியது. வாந்திபேதி அவர்களைத் தொடர்ந்தது.

வாந்திபேதியைத் தமிழர் கொண்டுவரும் நோயாகவே காலனித்துவ நிர்வாகம் நோக்கியது. இந்நோக்கு ஒரு பெரும் விளைவை உண்டாக்கிற்று. நோயைத் தடுத்தல் என்பது நீரையும் வழியையும் தூய்மைப்படுத்தல் என்று பொருள்படாது, ஆட்களைத் தடுத்து வைத்தல் என்று பொருள்படலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர் தூத்துக்குடி வழியாகக் கப்பலிற் கொண்டுவரப்பட்டனர். தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறையிலும் கொழும்புக்கு அண்மையிலுள்ள ராகமையிலும் முகாம்கள் இயங்கின. 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டமான தொற்றுத்தடைகாப்பு மற்றும் நோய்த்தடுப்புச் சட்டம் இத்தகைய நடவடிக்கைகளுக்கு வலுவூட்டிற்று.

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதனையொட்டி மண்டபம் முகாம் முதன்மை பெற்றது. இந்திய மண்ணில் இலங்கை அரசினால் நடத்தப்பட்ட அம்முகாமில் தொழிலாளர் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டனர், அம்மைப்பால் குத்தப்பட்டனர், உடைகள் தொற்றுநீக்கம் செய்யப்பட்டன. வாந்திபேதிக் கிருமி உடலுட் சென்று நோய் வெளிப்படுவதற்குச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை செல்லும். எனவே சில நாட்தடுப்பு என்பது விஞ்ஞான அடிப்படை உடையதே. மண்டபம் முகாம் பல உயிர்களைக் காத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அம்முகாமின் மதிலுக்குள் காட்டப்பட்ட அக்கறை, தொழிலாளர் சென்று சேர்ந்த லயத்தின் வாசல்வரை தொடர்ந்ததா என்பதே நம் முன்னுள்ள வினா.

சட்டமும் லயமும்

தோட்டத்தில் நோயுற்ற தொழிலாளியை வைத்துப் பராமரிக்க விரும்பாது வெளியே அனுப்பிவிடும் வழக்கம் கோப்பிக் காலத்தில் இருந்தது. வீதியோரங்களிலே மாண்டு கிடந்தோர் பற்றிய முறைப்பாடுகள் பெருகவே, 1872 இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிய முதலாவது சட்டம் இயற்றப்பட்டது. அது 1880களில் திருத்தங்களைக் கண்டது. பின்னர் 1912 ஆம் ஆண்டில் வைத்தியத் தேவைகள் சட்டமும் தொழிலாளர் நோய்கள் சட்டமும் நிறைவேறின. லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் தூய்மையாக வைத்திருத்தல், நோயுற்றோர் பற்றி அறிந்து ஆவன செய்தல், பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தல் ஆகியன தோட்டத் துரையின் கடமைகளாக்கப்பட்டன.

சட்டத்தின் சொற்கள் நல்லவையே. லயத்தின் அமைப்போ அச்சொற்களுக்கு எதிராக நின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான ஓர் அறை. அதனுள் ஒரு குடும்பம், சில வேளைகளில் இரண்டு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களிற் காற்றும் வெளிச்சமும் புகுவதில்லை. கசநோய்க் கிருமி வெயிலொளியில் விரைவாக மடிவது. இருண்ட அறையிலோ நெடுநாள் நிலைத்திருப்பது. சளியின் நுண்துளிகளிற் பரவும் நோய்களுக்கு இடைவெளியும் காற்றோட்டமுமே எல்லைகள். அவ்விரண்டையும் லயம் நீக்கிவிட்டது. மருந்து கொடுக்கத் தோட்டத்து டிஸ்பென்சரி இருந்தது. நோயை உண்டாக்க லயம் இருந்தது. இவ்விரண்டையும் கட்டியவர் ஒருவரே என்பது இவ்வமைப்பின் முரண்பாடாகும்.

இறப்பர்ப் பாலைக் காத்த அறிவு

இனிப் புளத்கொகுபிட்டிய இவ்வாராய்ச்சிக்கு ஏன் பொருத்தமானது என்பதை நோக்குவோம். 1876 இல் பிரேசிலிலிருந்து கியூ பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இறப்பர் விதைகளிலிருந்து தோன்றிய கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கில் இறப்பர் விரைந்து பரவியது. 1903 இல் ஒடுங்கிய புகையிரதப் பாதை யட்டியாந்தோட்டை வரை வந்து சேர்ந்தது. மலைச்சரிவில் தேயிலையும் தாழ்ந்த பகுதியில் இறப்பருமாக இப்பிரதேசம் உருப்பெற்றது.

இறப்பர்த் தொழில், நுணுகி நோக்கின், பற்றீரியாவுக்கு எதிரான ஒரு நாளாந்தப் போராட்டமாகும். மரத்தினுள் இருக்கும் பால் தூய்மையானது. பட்டையை வெட்டியதும் வெட்டுவாயிலிருந்தும் காற்றிலிருந்தும் சிரட்டையிலிருந்தும் பற்றீரியா அதனுட் புகுகின்றது. பாலிலுள்ள சீனியையும் புரதத்தையும் உண்டு பெருகி, அமிலங்களை வெளிவிடுகின்றது. சில மணி நேரத்திற் பால் தானே உறைந்து நாற்றமெடுக்கத் தொடங்கும். உறைந்த பாலுக்குத் தரமில்லை, தரமில்லையெனில் விலையில்லை.

இதனைத் தடுப்பதற்கு வகுக்கப்பட்ட முறைகளை ஒழுங்காக நோக்கின், பற்றீரியாவின் எல்லைகள் அனைத்தும் அவற்றுள் அடங்கியிருப்பதைக் காணலாம். பால்வெட்டு விடியற்காலையிலே, வெப்பம் ஏறுமுன் நடைபெறும். சிரட்டைகளும் வாளிகளும் துப்புரவாக வைத்திருக்கப்பட வேண்டும். பாலை நீண்ட நேரம் திரவமாக வைத்திருக்க வேண்டின் அமோனியா கலக்கப்படும். அதன் காரத்தன்மை பற்றீரியாவை ஒடுக்கும். தகடாக்குவதாயின், பற்றீரியா தன் விருப்பப்படி உறையச்செய்யுமுன், போமிக் அமிலம் சேர்த்து மனிதன் தன் விருப்பப்படி உறையச்செய்வான். பின்னர் உருளைகளுக்கு இடையிற் செலுத்தி நீரினாற் கழுவும்போது பற்றீரியாவின் உணவான சீனியும் புரதமும் கழுவுண்டு போகும். இறுதியிற் புகைவீட்டில் நாட்கணக்காக உலர்த்தப்படும். வெப்பமும் வறட்சியும் புகையிலுள்ள பொருள்களும் சேர்ந்து பூஞ்சணமும் பற்றீரியாவும் அணுகாவண்ணம் தகட்டைக் காக்கும். தூய்மை, காரம், அமிலம், கழுவுதல், வெப்பம், வறட்சி என ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை அரண்கள்!

தேயிலைத் தொழிற்சாலையின் நிலையும் இதுவே. கொழுந்தை நொதிக்கவைக்கும் தளம் நாள்தோறும் நன்கு கழுவப்பட வேண்டும். இல்லையெனிற் பற்றீரியா பெருகித் தேயிலையின் மணமும் சுவையும் கெடும். வறுத்தெடுத்த தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்களவு ஈரமே எஞ்சும். அவ்வீரத்தில் எக்கிருமியும் வளராது. இவ்வறிவை வளர்ப்பதற்கு ஆராய்ச்சி நிலையங்களும் நிறுவப்பட்டன. தேயிலைக்குத் தலவாக்கலையிலும் இறப்பருக்கு அகலவத்தையிலும் இன்றும் அவை இயங்குகின்றன.

நீரைக் காவாத அமைப்பு

இத்தகைய நுண்ணிய அறிவு கைவரப்பெற்ற அதே தோட்டத்தில், லயத்துக்கு நீர் வந்த வழி யாது? மேலேயுள்ள ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ திறந்த கானாக ஓடிவரும் நீர், ஒரு பீலியில் விழும். குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அப்பீலியிலேயே. மேலே வேறொரு லயம் இருக்கலாம், மாடு மேயலாம், கக்கூசு இல்லாதார் தேயிலைச் செடிகளின் இடையே ஒதுங்கியிருக்கலாம். மழை பெய்ததும் மலையின் அழுக்கு அனைத்தும் பீலிக்கு வந்து சேரும். கேகாலையும் இரத்தினபுரியும் இரு பருவக்காற்றுக்களின் மழையையும் பெறும் ஈரவலயப் பிரதேசங்கள் என்பதை நினைவிற்கொண்டால் இதன் கடுமை விளங்கும். நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் லயங்களை விட்டு நீங்காதிருந்ததில் வியப்பில்லை.

இவ்விடத்தில் ஓர் ஒப்புமை கூறலாம். களனிப் பள்ளத்தாக்கின் அருகேயுள்ள லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்பு நகருக்குக் குழாய்நீர் 1886 இல் வழங்கப்பட்டது. நீர்ப்பிடிப்புக் காடு காவல் செய்யப்பட்டு, மனித நடமாட்டம் தடுக்கப்பட்டு, தூய நீர் நகரத்தை அடைந்தது. மலையிலிருந்து வரும் நீரை எவ்வாறு காத்தல் வேண்டும் என்பது இந்நாட்டின் நிர்வாகத்துக்கு அந்நாளிலேயே தெரிந்திருந்தது என்பதற்கு இது சான்று.

1916 இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். கொக்கிப்புழு பற்றீரியா அன்று. அது ஒரு புழு. ஆயினும் அதன் வழியை அடைக்கும் மலகூடம் வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல் ஆகியவற்றின் வழியையும் அடைக்கும். மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினாலும் மலகூடம் இல்லையெனில் நோய் மீண்டும் வரும் என்பதை அவ்வியக்கத்தார் வற்புறுத்தினர். மருந்தை ஏற்றுக்கொண்ட தோட்ட உரிமையாளர் பலர் மலகூடச் செலவை ஏற்கத் தயங்கினர். மருந்து தொழிலாளியை அடுத்த வாரமே வேலைக்கு அனுப்பும்; மலகூடத்தின் பயன் கணக்கேட்டில் உடனே தோன்றாது. இறப்பர்ப் பால் கெட்டால் நட்டம் அன்று மாலையே தெரியும். பிள்ளையொன்று பேதியில் இறந்தால் அந்நட்டம் தோட்டத்தின் எந்தக் கணக்கிலும் பதியப்படாது. இதுவே இரு வேறு அக்கறைகளின் அடிப்படை எனக் கருதுகின்றேன்.

இவ்வொப்பீடு பொருந்தாது எனச் சிலர் வாதிடக்கூடும். பால் ஒரே நாளில் ஒரே அதிகாரத்தின் கீழ் மரத்திலிருந்து தொழிற்சாலைக்குச் செல்வது. நீரோ பல கைகளையும் பல வழக்கங்களையும் கடந்து செல்வது. எனவே நீரைக் காத்தல் கடினம் என்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நீரைக் காப்பதற்கு வேண்டியவை பாலைக் காப்பதற்கு வேண்டியவற்றிலும் குறைவே: ஊற்றுக்கு ஒரு வேலி, ஒரு மூடிய தொட்டி, ஓர் இரும்புக் குழாய், கீழே சற்றுத் தூரத்தில் மலகூடம், காலத்துக்குக் காலம் சிறிது வெளிற்றுந்தூள். இவற்றைச் செய்து கொடுத்த தோட்டங்களும் துரைமாரும் இருந்தமையால், செய்ய இயலாதது என்ற வாதம் நிலைபெறாது.

தொழிலாளர் தாமும் கைகட்டி இருந்தாரல்லர். அம்மை கண்ட வீட்டை வேப்பிலை கட்டி ஒதுக்கிவைத்தனர். அந்நியர் உள்ளே புகார். நம்பிக்கை மாரியம்மன்பாற்பட்டதாயினும், அதன் விளைவு நோயாளியைத் தனிமைப்படுத்தலே. வாசலிற் சாணமும் மஞ்சளும் தெளித்தல் எவ்வளவு பயன் தந்தது என்பது ஆய்வுக்குரியது. ஐயத்துக்கு இடமின்றிப் பயன் தந்த வழக்கம் ஒன்று உண்டு. அது தேத்தண்ணீர். ஏற்றுமதிக்கு உதவாத தூளிலே கொதிநீர் ஊற்றிக் குடித்த அந்தச் சாயத் தண்ணீர், பீலி நீரின் கிருமிகளை அடுப்பிலேயே கொன்றுவிட்டது. விறகுக்கும் நேரத்துக்கும் முட்டுப்பட்ட வீடுகளில் அந்த அரணும் எப்போதும் கிடைக்கவில்லை.

குரலும் சுகாதாரமும்

சுகாதாரம் அரசியலாகும்போதே அது மக்களைச் சென்றடைகின்றது என்பதற்கு இதே கேகாலை மாவட்டம் ஒரு சான்றைத் தந்துள்ளது. 1934–35 இல் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோய் இம்மாவட்டத்தை மிகக் கடுமையாகத் தாக்கியது. மலேரியாவும் பற்றீரியா நோயன்று. ஆனால் அக்காலத்தில் இப்பகுதிக் கிராமங்களில் நிவாரணப் பணியாற்றிய கலாநிதி என். எம். பெரேரா, 1936 இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். மருந்தும் பருப்பும் கொண்டு வீடு வீடாகச் சென்றோரை மக்கள் மறக்கவில்லை. கிராமத்தவரின் வாக்குக்குப் பயந்து ஆட்சியாளர் கிராமத்துக்கு வைத்தியசாலை அமைக்க வேண்டியதாயிற்று.

தோட்டத் தொழிலாளருக்கு இவ்வாய்ப்பு நிலைக்கவில்லை. 1939 இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. அதுவரை மாண்டவருக்குப் பதிலாகப் புதியவரைக் கொணரலாம் என்றிருந்த நிலை மாறியது. பதிலாள் கிடையாத தொழிலாளியின் உயிருக்கு மதிப்பு உயரும் என எதிர்பார்த்தல் இயல்பு. ஆனால் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்தம் குரலைப் பறித்தது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. முன்னர் வருவோரைத் தடுத்து வைத்த அதே மண்டபம் முகாம், இப்போது திருப்பி அனுப்பப்பட்டோரை வரவேற்றது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதே காலப்பகுதியில், 1973–74 இல், தோட்டங்களை உணவுப் பஞ்சம் வாட்டிற்று. வயிறு வெறுமையாயின் கிருமிக்கு வழி திறக்கும் என முன்னர்க் கூறியதை இங்கு மீண்டும் நினைவுகூர்தல் தகும்.

இக்காலத்தில் மருத்துவம் பெரிதும் முன்னேறியது. சல்பா மருந்துகளும் பெனிசிலினும் தோட்ட டிஸ்பென்சரிகளை எட்டின. 1959 இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, வாந்திபேதிக் கிருமி வெளிவிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகின்றது என நிறுவினார். 1971 இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சீனியும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். கிருமியைக் கொல்லாமலே நோயாளியைக் காக்கலாம் என்பதை அவர் காட்டினார். எமது தாய்மார் இன்று ‘ஜீவனி’ என்றழைக்கும் பொதி, அந்த அறிவின் வழித்தோன்றலே.

இன்றைய நிலை

1992 இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்குக் கொண்டுவரப்பட்டன. 2003 இல் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. சிசு மரணம் முன்னைய தலைமுறைகளோடு ஒப்பிடமுடியாத அளவுக்குக் குறைந்துள்ளது. இம்முன்னேற்றங்களை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் எல்லைகள் இன்னும் முழுமையாக இடப்படவில்லை. லயங்கள் பல இன்றும் உள்ளன. ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிர்வாழும் லெப்ரோஸ்பைரா என்னும் பற்றீரியாவினால் உண்டாகும் எலிக்காய்ச்சல், சப்பிரகமுவத்தை விட்டு நீங்கவில்லை. 2008 இல் நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயால் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகியபோது, கேகாலை மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாக விளங்கியது. வறட்சியும் உப்பும் அமிலமும் வெளிற்றுந்தூளும் அக்கிருமிக்கு எல்லைகள். வெறுங்காலோடு சேற்றில் நிற்பவருக்குக் காலணியே முதல் எல்லை.

2016 மே 17 ஆம் நாள் அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் நிகழ்ந்த மண்சரிவுகளை இப்பிரதேசத்தார் மறவார். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் அதில் மண்ணுள் புதையுண்டன. தப்பியோர் தற்காலிக முகாம்களில் தங்கினர். எந்த முகாமிலும் முதல் நாளின் கேள்வி உயிர். இரண்டாம் நாளின் கேள்வி நீரும் மலகூடமும் ஆகும். வடபாதையின் தங்குமடங்களில் எழுந்த அதே கேள்வி, இரு நூற்றாண்டுகள் நெருங்கும் நிலையிலும் எழுகின்றது. வேறுபாடு யாதெனில், அதற்கு விடை இன்று எல்லார்க்கும் தெரியும்.

இதனோடு ஒரு புதிய ஆபத்தும் சேர்ந்துள்ளது. தேவையின்றியும் முறையின்றியும் பயன்படுத்தப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குப் பற்றீரியா பழகிக்கொண்டு வருகின்றது. மருந்து எனும் எல்லையைப் பற்றீரியா தாண்டிவிடலாம். கொதிநீர், வெயில், வறட்சி, தூரம், சவர்க்காரம் ஆகிய பழைய எல்லைகளை அது அவ்வாறு எளிதிற் தாண்டுவதில்லை. மருந்தை நம்பி நீரை மறந்த ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், நாம் மீண்டும் நீருக்கே திரும்ப வேண்டியவர்களாக உள்ளோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பற்றீரியாவின் வளர்ச்சிக்கும் பரவலுக்கும் வாழ்வுக்கும் எல்லை வகுக்கும் அறிவு தோட்டங்களில் இல்லாதிருந்ததன்று. அது இறப்பர்ச் சிரட்டையிலும் புகைவீட்டிலும் தேயிலைத் தளத்திலும் நாள் தவறாது கடைப்பிடிக்கப்பட்டது. அச்சிரட்டையைக் கழுவிய கைகளும் அத்தளத்தைத் துடைத்த கைகளும் எம் முன்னோரின் கைகளே. பொருளுக்குக் கிடைத்த பாதுகாப்பு அதனை ஆக்கியோருக்குக் கிடைக்கவில்லை. அறிவு எங்கே செல்ல வேண்டும் என்பதை விஞ்ஞானம் தீர்மானிப்பதில்லை. இலாபமும் அதிகாரமுமே தீர்மானித்து வந்துள்ளன.

ஆகவே, ஒரு தோட்டத்தின் வரலாற்றை எழுத முற்படும் மாணவன், எத்தனை இறாத்தல் கொழுந்து பறிக்கப்பட்டது, எத்தனை இறாத்தல் இறப்பர் ஏற்றுமதியாயிற்று என்பவற்றோடு நின்றுவிடலாகாது. பீலிக்கு மேலே என்ன இருந்தது எனவும் அவன் கேட்க வேண்டும். அக்கேள்வியை ஏடுகளிடம் மட்டுமன்றி, இன்று அந்நீரைப் பருகுவோரிடமும் கேட்க வேண்டும். குடியுரிமை பெற்று வாக்கும் பெற்ற ஒரு சமூகம், தன் லயத்துக்கு வரும் நீரைத் தூயதாகத் தருமாறு கேட்டல் சலுகையன்று, உரிமையாகும். அவ்வுரிமையை எடுத்துரைக்க வேண்டிய பொறுப்பு, அம்மலைகளிலிருந்து பல்கலைக்கழகம் வந்து சேர்ந்த எமக்கு உண்டு.